பதினாலாம் கட்டத்து வீடு

அந்தப் படிவத்தில பதினாலாம் கட்டத்தை நினைச்சா எனக்கு இண்டைக்கும் பத்திக்கொண்டு வருது. மத்தக் கட்டமெல்லாம் நிரம்பிட்டுது. பேர், பிறந்த திகதி, பாஸ்போட் இலக்கம், கலியாணம் முடிச்ச நாடு, மனைவிட நாடு, மனைவிட தகப்பன்ட பேர். பதினாலாவதில ஒரு சின்னக் கேள்வி: கணவரின் நிரந்தர வதிவிடம், அதற்கான அத்தாட்சி. கொழும்புக்கு மூணு தரம் போய், கத்தாருக்கும் கென்யாவுக்கும் கடிதம் எழுதி, எடுக்க ஏலாத கடதாசியெல்லாம் எடுத்து முடிச்ச ஒருத்தன், பிறந்து வளர்ந்த ஊர்ல தனக்கொரு வீடு கிடக்கெண்டு காட்ட ஏலாம என்ட மேசைக்கு முன்னால இருந்து நகம் கடிச்சான்.

மேசையெண்டா, சாய்ந்தமருதில எங்கட வீட்டு முன்மண்டபத்தில போட்டிருக்கிற மேசை. ஒரு கம்பியூட்டர், ஒரு போட்டோக்கொப்பி மெசின், ஒரு ஃபேன். பாஸ்போட், ஐடென்டி கார்ட், பென்சன் எண்டு ஊர்ச்சனத்துக்குப் படிவம் நிரப்பிக் குடுக்கிறது என்ட தொழில். றபீக்காட்டப் போனா பிழை வராதெண்டு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரையும் இந்தக் கட்டம்தான் கெடுத்தது.

கச்சான் காத்து அனலா வீசுற மாசம். பத்து மணிக்கே ரோட்டில ஒரு மனிசரும் இல்ல. யன்னலைத் திறந்தா கடதாசி பறக்கும், மூடினா வேர்வை படிவத்தில சொட்டும். அதுக்காக அம்மிக் குழவியைக் கொண்டு வந்து மேசையில வச்சிருந்தன். பர்ஹான்ட பைலுக்கு மேலதான் அந்தக் குழவி ரெண்டு மாசமாக் கிடந்தது.

பர்ஹான் பக்கத்து வளவு உம்மு ராத்தாட ஒரே ஆம்புளப் புள்ள. ஒன்பது வருசம் டோஹாவில ஏசி திருத்தினவன். அங்க ஒரு பெரிய கடையில காசு வாங்குற இடத்தில நிண்ட ஸைத்தூனி எண்ட புள்ளையக் கண்டு, ரெண்டு வருசத்துக்கு முந்தி அந்த நாட்டுக் கோர்ட்டில காவின் எழுதிக் கலியாணம் முடிச்சான். புள்ள கென்யாவில லாமு எண்ட தீவைச் சேர்ந்தவ. பரம்பரை முஸ்லிம், எங்களவிட நல்லா ஓதுவா. டெலிபோன்ல மகன் விசயத்தைச் சொன்ன நேரம் உம்மு ராத்தா நிறம் கேக்கல்ல, பாசை கேக்கல்ல. கேட்டது ஒண்டுதான்.

"பொண்ணுக்கு வீடிரிக்கா?"

வெளியூர்ச் சனத்துக்கு இது விளங்காது. எங்கட பக்கத்தில வீடு பொண்ணுக்குத்தான். பொண் புள்ள பிறந்தா அண்டைக்கே வாப்பாட தலையில கல்லும் சீமெந்தும் ஏறிடும். மாப்புள வந்து பொண்ணு வீட்டிலதான் இருப்பார். ஆம்புளப் புள்ள உழைச்சி ராத்தாக்கும் தங்கச்சிக்கும் வீடு கட்டுவான், பிறகு ஒரு நாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு இன்னொருத்திட வீட்டுக்குப் போவான். அதுவரைக்கும் அவன் விருந்தாளி மாதிரித்தான். உம்மு ராத்தாட சீதன வீடு மூத்தவள் ஆகிலாக்குப் போயிட்டுது. அதுக்குப் பின்னால கட்டின புது வீடு இளையவள் பஹ்மிதாட பேருல. தாய் தகப்பன் இளையவளோட. கரைவலைக்குப் போற அவட புருசன் பக்கீர் முகைதீன் மச்சான்ட உழைப்பும், உம்மு ராத்தா விடியக் காலையில இடியப்பம் அவிச்சிக் கல்முனைக் கடைகளுக்குக் குடுத்த உழைப்பும் அத்திவாரத்தோட முடிஞ்சிது. மேல எழும்பினதெல்லாம் பர்ஹான் அனுப்பினது.

"கரண்ட் பில் ஆருட பேருல?" எண்டு கேட்டன்.

"பஹ்மிதாட பேருல."

"தண்ணி பில்?"

"அதும் பஹ்மிதாதான்."

"வீட்டுக் காணி உறுதி?"

"என்ன சாச்சி, தெரியாத ஆள் மாதிரிக் கேக்குறீங்க?"

"தெரியும்டா. கட்டத்தில எழுதணுமே. தரையில கிடக்கிற டைல்ஸ் நான் அனுப்பினதெண்டு எழுதவா?"

அவன் சிரிக்கல்ல. ஸைத்தூனி வந்தது விசிட் விசாவில. ரெண்டு தரம் நீட்டியாச்சி. ஜூலை இருபத்தெட்டோட அதும் முடியும். அதுக்குள்ள, இலங்கையன்ட பொஞ்சாதி எண்டு வதிவிட விசா கிடைக்காட்டி அவ நாட்ட விட்டுப் போகணும். பர்ஹானுக்கோ ஒன்பது வருச வெளிநாடு தொண்டை வரைக்கும் வந்திட்டுது. கல்முனைச் சந்தைப் பக்கம் ஒரு சின்னக் கடை பார்த்து, ஏசி திருத்துற சாமான் பெட்டியையும் கொண்டு வந்திறக்கிட்டான். எங்கட ஊர்ல இருந்து, எங்கட மீனைத் திண்டு, எங்கட பள்ளியில ஜும்ஆத் தொழணும், வேற ஒரு ஆசையும் இல்ல சாச்சி எண்டான்.

உம்மு ராத்தாட பேருல வேற ஏதாவது கிடக்கா எண்டு பல தரம் கேட்டன், இல்லெண்டுட்டா. கடைசியா ஊர்க் கிராம சேவகர், ஜீ.எஸ், அவன் பஹ்மிதாட வீட்டிலதான் இருக்கானெண்டு ஒரு வதிவிடச் சான்றிதழ் குடுத்தார். அதைக் கட்டத்தில குத்தி பைலைக் கொழும்புக்கு அனுப்பினன். ஆள் வந்து வீட்டைப் பார்த்துத்தான் முடிவு சொல்லுவாங்கெண்டு பதில் வந்தது. வாற ஆளுக்கு என்ன சொல்லணுமெண்டு நான் ஆருக்கும் சொல்லிக் குடுக்கல்ல. என்ட மடத்தனம் அது. ஒரு வீட்டில ஆரு இருக்கெண்டு சொல்லுறதுக்கும் பாடம் எடுக்கணுமெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?

அதே கிழமையிலதான் பஹ்மிதாக்கு மருதமுனையில இருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்திருந்தது. மாப்புள பள்ளிக்கூட மாஸ்டர், நல்ல குடும்பம். மாப்புளட உம்மா றம்லா ரெண்டு விசயம் சொல்லிட்டுப் போனா. ஒண்டு, தங்கட மருமகன் ஒருத்தர் அரசாங்கக் கந்தோர்ல வேலை செய்யிறவர், அவர் ஒரு நாள் வந்து வீட்டைப் பாத்திட்டுப் போவார். ரெண்டாவது, அந்த வெளிநாட்டுப் புள்ளையும் இந்த வீட்டிலதான் இருக்கப் போகுதோ எண்டு ஒரு கேள்வி.

ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம் உம்மு ராத்தா ஒரு பீங்கான்ல இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தா. முகமெல்லாம் சிரிப்பு.

"றபீக்கா, வந்து பாத்திட்டுப் போயிட்டாரு புள்ள."

"ஆரு ராத்தா?"

"மருதமுனை ஆள்தான். என்ன ஒழுக்கமான மனிசன். சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டுத்தான் உள்ளுக்கு வந்தாரு. கதையும் கொஞ்சம் வேற மாதிரி, வெளியில படிச்சவர் போல. ஒரு அறையும் விடாமக் காட்டினன். அறையோட ஒட்டின குளியலறை, குசினித் தட்டு, மேல கம்பி விட்டிருக்கிறது, எல்லாம். வட்டிலப்பம் வச்சன், ரெண்டு துண்டு சாப்பிட்டாரு."

"ஆள் தனியாவா வந்தது?"

"ஓம், மோட்டச் சைக்கிள்ல. கையில பச்சை பைல் ஒண்டு."

நான் இடியப்பத்தைப் பிய்ச்ச கையை அப்பிடியே வச்சன்.

"பைலா? என்ன கேட்டாரு?"

"இது பர்ஹான்ட வீடுதானே எண்டாரு. நல்ல கேள்விதான். இல்ல தம்பி, இது பஹ்மிதாட வீடெண்டன். உறுதியக் கொண்டாந்து காட்டினன். அப்ப பர்ஹான் எங்க இருக்காரெண்டாரு. ஆம்புளப் புள்ளைக்கு ஏன் தம்பி வீடு, அவன் சும்மா நாலு நாளைக்கு வந்து நிக்கான் எண்டன்."

"ராத்தா…"

"பொறு புள்ள, நல்லதை இனித்தான் செல்லப் போறன். அந்த வெளிநாட்டுப் புள்ள இஞ்ச இருக்குமா எண்டாரு. றம்லா கேக்கச் செல்லித்தான் அனுப்பியிருப்பாண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டு. நீங்க ஒண்டுக்கும் பயப்பட வேணா, அந்தப் புள்ள இந்த மாசத்தோட போயிடும், இந்த வீட்டில ஒரு நாளும் குடியிருக்காதெண்டு அடிச்சிச் சென்னன். எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு."

"எழுதினாரா?"

"ஓம். கீழ ஒப்பம் வைக்கச் சென்னாரு. வச்சன்."

"ராத்தா, வீடு பாக்க வாற மாப்புள வீட்டாக்கள் ஒப்பம் வாங்குவாங்களா?"

உம்மு ராத்தா பீங்கானை என்ட பக்கம் தள்ளினா. பிறகு மெதுவாச் சொன்னா:

"படிச்ச குடும்பம், அப்பிடித்தான் செய்வாங்களாக்குமெண்டு நினைச்சன்."

எனக்கு அழுறதா சிரிக்கிறதா எண்டு தெரியல்ல. சொதி ஆறிப் போச்சி. வந்த மனிசனைக் குறை சொல்ல ஏலுமா? கேட்டார், சொன்னதை எழுதினார், ஒப்பம் வாங்கினார், வட்டிலப்பம் சாப்பிட்டார். அவர்ட வேலையை அவர் சரியாத்தான் செய்திருக்கார்.

பதினொராம் நாள் கடிதம் வந்தது. விண்ணப்பதாரியின் கணவர் குறித்த முகவரியில் வசிப்பதில்லை, விண்ணப்பதாரி இம்மாத இறுதியில் நாட்டை விட்டுச் செல்லவுள்ளதாகக் குடும்பத்தினரே தெரிவித்துள்ளனர், ஆகவே பரிசீலிக்க இயலாது. இருபத்தெட்டாம் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் பர்ஹானும் அந்த வீட்டுக்குப் போனம். எல்லாரும் வளவுக் கோடியில, இடியப்பக் குசினியில இருந்தாங்க. பழைய ஓட்டுக் கொட்டில் அது. அடுப்புச் சூடும் கச்சான் சூடும் சேர்ந்து முகத்தில அறைஞ்சிது. ஸைத்தூனி உரலைப் பிடிச்சி மாவைப் பிழிஞ்சிக்கொண்டிருந்தா. வந்த ஆறு மாசத்தில அந்தப் புள்ள இடியப்பம் பிழியப் பழகி, தட்டில வட்டம் பிசகாமச் சுத்துவா. உம்மு ராத்தா முந்தி நாலு வருசம் குவைத்தில வீட்டு வேலைக்கு நிண்டவ. அதால மாமியும் மருமகளும் குசினி அறபில கதைச்சிக்கொள்ளுவாங்க. தண்ணி, உப்பு, நெருப்பைக் குறை, அவ்வளவுதான் கதை. அதுக்கு மேல போனா ரெண்டு பேரும் "கல்லிவல்லி" எண்டு கையை உதறிட்டு விட்டிடுவாங்க.

பர்ஹான் கடிதத்தை வாசிச்சிக் காட்டினான். உம்மு ராத்தா கையிலிருந்த தட்டைக் கீழ வச்சா.

"நான் பொய் செல்லல்லையே மனே. கேட்டதுக்கு உள்ளதைத்தானே சென்னன்."

"உள்ளதுதான் உம்மா. எனக்கு வீடில்ல. ஒன்பது வருசம் மொட்டை மாடியில வெயில்ல காஞ்சி ஏசி திருத்தினன். அந்தச் சல்லியில கட்டின வீட்டில நான் நாலு நாளைக்கு வந்து நிக்கிற ஆள். அதையே எழுதிட்டுப் போயிட்டான்."

"தங்கச்சிக்குக் கட்டினதைச் செல்லிக் காட்டுறியா?"

"செல்லிக் காட்டல்ல. எனக்கு ஒரு விலாசம் வேணும், அவ்வளவுதான்."

"வீடுள்ள ஒருத்தியா முடிச்சிருந்தா இந்த விலாசப் பிரச்சினையே இல்லையே. ஊர்ல எத்தினை பேர் கேட்டாங்க. நீ வீடில்லாத பொண்ணா முடிச்சிக்கிட்டு வந்து நிக்கிறாய்."

வீடில்லாத பொண்ணு. இந்தச் சொல்லை அந்த ஆறு மாசத்தில நான் நூறு தரம் கேட்டிருப்பன். மதிலுக்கு அந்தப் பக்கம் நிண்டு கேட்டாலும் கேக்கும். ஸைத்தூனி தலையைத் தூக்கிப் பார்த்திட்டு, திரும்ப மாவைப் பிழிஞ்சா.

பக்கீர் முகைதீன் மச்சான் ஒரு மூலையில இருந்து வலைக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். "நானும் முப்பத்தஞ்சு வருசமா பொஞ்சாதிட வீட்டிலதான் இரிக்கன். இப்ப மகள்ட வீட்டில. ஒரு ஒபீசரும் பைலைத் தூக்கிட்டு வந்து என்னைக் கேக்கல்ல," எண்டார். திரும்பவும் கயிறை முறுக்கினார்.

கல்முனையில ஒரு பார்மசியில நிக்கிற பஹ்மிதா அப்பதான் வேலை முடிஞ்சி வந்தா. ஹபாயாவைக் கழட்டாமலே கடிதத்தை வாங்கி வாசிச்சா.

"றபீக்கா சாச்சி, உறுதி என்ட பேருலதானே கிடக்கு? பர்ஹான் காக்காவும் ஸைத்தூனி மச்சியும் என்ட வீட்டிலதான் நிரந்தரமா இரிக்காங்கெண்டு நான் எழுதித் தாறன். சத்தியக்கடதாசி எண்டு ஒண்டிரிக்கே, அதை அடிங்க."

"விசர்க் கதை கதைக்காத," எண்டா உம்மு ராத்தா. "மருதமுனைக்குத் தெரிஞ்சா என்ன செய்வாய்?"

"தெரியட்டும். என்ட வீட்டில ஆரு இருக்கணுமெண்டு நான் செல்லுறன். அதுக்குத்தானே வீட்டப் பொண்ணுட பேருல எழுதுறது?"

அண்டைக்கே அடிச்சி, சமாதான நீதவான் ஜே.பி ஒருத்தர்ட்டக் காட்டி ஒப்பமும் முத்திரையும் வச்சம். எங்கட ஊர்ல ஒரு கடதாசி காய முந்தி அதுட கதை மருதமுனை போய்ச் சேர்ந்திடும். அடுத்த நாள் அஸறுத் தொழுகைக்குப் பிறகு றம்லாட கோல் வந்தது. உம்மு ராத்தா போனை ஸ்பீக்கர்ல போட்டா, நான் பக்கத்தில இருந்தன்.

"ராத்தா, குறை நினைக்காதீங்க. வீட்டில இன்னொரு குடும்பம் இருக்கெண்டு எழுதிக் குடுத்திரிக்காமே. நாளைக்கு எங்கட புள்ள வந்து எந்த அறையில இரிக்கிறது? நாங்க கொஞ்சம் யோசிக்கணும்."

"யோசிங்க," எண்டு போனை வச்சிட்டு உம்மு ராத்தா என்னைப் பார்த்தா. "இந்தக் கடதாசிய அனுப்பினா மகள்ட கலியாணம் போகும். அனுப்பாட்டி மகன்ட பொஞ்சாதி போகும். நீ நாலெழுத்துப் படிச்சவ. எதைச் செய்யட்டும், செல்லு."

எனக்கு என்ன தெரியும்? படிவத்தில அதுக்கொரு கட்டம் இல்ல. சத்தியக்கடதாசியையும் எடுத்துக்கொண்டு எழும்பி வந்திட்டன்.

அடுத்த நாள் காலம்பற ஸைத்தூனி தனியா என்ட மேசைக்கு வந்தா. ஃபேனுக்கு முன்னால இருந்து, இங்கிலீசில கேட்டா:

"சாச்சி, வீடு இல்ல எண்டா என்ன? மாமி என்னைப் பாக்குற நேரமெல்லாம் அதைத்தான் சொல்லுறா. பர்ஹானிட்டக் கேட்டா ஒண்டுமில்லெண்டுறான்."

இந்தத் தொழில்ல நான் எத்தினையோ மொழிபெயர்த்திருக்கன். இப்பிடி ஒரு சொல்லு வந்து மாட்டினதில்ல. ஆனா அந்தப் புள்ள நேரா என்ட முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. உங்களுக்கு வீடில்லெண்டு சொல்லுறா, எங்கட பக்கத்தில பொண்ணுக்குத் தாய் தகப்பன் வீடு குடுக்கணும், மாப்புள அங்க வந்து இருக்கணும், அதுதான் வழக்கமெண்டு சொன்னன்.

ஸைத்தூனி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினா. முருகைக்கல்லில கட்டி வெள்ளையடிச்ச ரெண்டு மாடி வீடு. வாசல்ல சித்திர வேலை செய்த பெரிய மரக்கதவு. கதவுக்கு முன்னால ஒரு சின்ன ஒழுங்கை, அதுட முடிவில கடல்.

"என்ட வீடு. எனக்குப் பதினெட்டு வயசில உம்மா எழுதித் தந்தது. எங்கட தீவிலயும் பெரிய குடும்பங்கள்ல வீடு மகளுக்குத்தான் சாச்சி. மாப்புள அங்கதான் வருவார்."

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"ஒருத்தரும் கேக்கல்லையே. பர்ஹான் தன்ட ஊர்ல இருக்க ஆசையெண்டான், அதுக்காகத்தான் வந்தன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில குழவியைத் தூக்கி எங்கயாவது எறிஞ்சிருப்பன், கடதாசி பறக்குமெண்டு விட்டன். ஆறு மாசம். ஒரு ஊரே அந்தப் புள்ளைக்கு வீடில்லெண்டு கதைச்சிரிக்கி. அவளிட்ட வாயைத் திறந்து கேக்க ஒரு மனிசருக்கு, எனக்குக்கூட, நேரம் கிடைக்கல்ல. அவள்ட கையைப் பிடிச்சிக்கொண்டு இடியப்பக் குசினிக்குப் போனன்.

உம்மு ராத்தா மாக் கையை முந்தானையில துடைச்சிட்டுப் போனை வாங்கினா. தன்ட குவைத்து அறபில கேட்டா, இது உன்ட வீடா? ஸைத்தூனி ஓமெண்டா. ஆரு தந்தது? உம்மா. எத்தினை அறை? ஏழு. தண்ணி? கிணறும் இரிக்கி, பைப்பும் இரிக்கி. உம்மு ராத்தா படத்தைப் பெருசாக்கிக் கதவைப் பார்த்தா, யன்னலைப் பார்த்தா, மேல் மாடியைப் பார்த்தா. அவட முகத்தில முதல்ல ஒரு பெருமை வந்தது. வீடுள்ள பொண்ணு. ரெண்டு மாடி. பிறகு அந்தப் பெருமை அப்பிடியே நிண்டுபோச்சி. தான் ஆயுசு முழுக்கச் சொன்ன கதை இப்ப எங்க கொண்டு போய் விடுமெண்டு அவவுக்கு விளங்கிட்டுது. பக்கத்தில கிடந்த பலகைக் கட்டையில இருந்தா.

மத்தியானம் பர்ஹான் வந்தான்.

"ஏன்டா எனக்குச் செல்லல்ல?"

"செல்லியிருந்தா என்ன செல்லியிருப்பீங்க உம்மா?"

"பொண்ணுட வீட்டுக்குப் போ மனே எண்டு செல்லியிருப்பன்."

"அதுக்குத்தான் செல்லல்ல. எனக்குப் போக விருப்பமில்ல."

"நீ என்னடா பெரிய ஆள்? உன்ட வாப்பாக்கு விருப்பமா என்ட வீட்டுக்கு வர? வந்தாரு. இரிந்தாரு. அதுதானே முறை."

"வாப்பா வந்தது ரெண்டு ஒழுங்கை தள்ளி. இது கடல் தாண்டி."

உம்மு ராத்தா அடுப்புப் பக்கம் திரும்பினா. அவிஞ்ச தட்டை இறக்கி, இடியப்பத்தை ஒவ்வொண்டா எடுத்து வாழையிலையில வச்சா. வச்சி முடிச்சிட்டு, பஹ்மிதாட சத்தியக்கடதாசியைத் தரச் சொல்லி என்னட்டக் கேட்டா. குடுத்தன். நாலா மடிச்சி அடுப்புக்குள்ள வச்சா. பர்ஹான் பார்த்துக்கொண்டு நிண்டான், தடுக்கல்ல. அவனும் இந்த ஊர்ப் புள்ளதானே. வீடுள்ள பொண்ணை முடிச்சவன் தங்கச்சிட வீட்டில இருந்தா ஊர் என்ன சொல்லுமெண்டு அவனுக்கும் தெரியும். ஆனா நான் அவன்ட முகத்தைப் பார்த்தன். அதைப் பார்க்காம இருந்திருக்கலாம்.

அண்டைக்குப் பின்நேரமே உம்மு ராத்தா றம்லாக்குக் கோல் எடுத்தா. "என்ட மகன் பொண்ணு வீட்டுக்குப் போறான் ராத்தா. ரெண்டு மாடி, ஏழு அறை. நீங்க உங்கட ஆளை அனுப்பி வீட்டைப் பாருங்க," எண்டா. குரல்ல ஒரு நடுக்கமும் இல்ல. போனை வச்சிட்டுக் கோடிப் பக்கம் போய் அழுதா. சத்தமில்லாம அழுற பழக்கம் அவவுக்கு இல்ல, அதால எங்கட வீட்டுக்கும் கேட்டது.

இருபத்தேழாம் திகதி விடியச் சுபஹுத் தொழுகையோட ரெண்டு பேரையும் வேன் ஏத்தினம். உம்மு ராத்தா மாப்புள கொண்டு விடுற மாதிரியே எல்லாம் செய்தா. தொதல், மாசிச் சம்பல், சம்பந்திக்கு மருதமுனைச் சாரி, ஸைத்தூனி கேட்டதுக்காக ஒரு இடியப்ப உரலும் ரெண்டு டசின் தட்டும். எங்கட வழக்கத்தில மாப்புளட ஆக்கள் கூடப் போய்ப் பொண்ணு வீட்டு வாசல்ல ஆளை ஒப்படைச்சிப் பாரம் குடுக்கணும். அவவுக்கு அந்த வாசல் போன்லதான் கிடக்கு. அதால மகன்ட கையைப் பிடிச்சி ஸைத்தூனிட கையில வச்சி, அறபில ஏதோ சொல்லப் பார்த்தா. குசினி அறபில அதுக்குச் சொல்லு இல்ல. "இவன் உறைப்பு கூடத் தின்னுவான்," எண்டு தமிழ்லயே சொல்லிட்டு விலகி நிண்டா. பர்ஹான்ட ஏசி சாமான் பெட்டியை வேன்ல ஏத்த இடமில்ல. பிறகு வந்து எடுக்கிறனெண்டு இடியப்பக் குசினியில வச்சிட்டுப் போனான்.

ரெண்டு கிழமையில அவன் எனக்கு ஒரு வொய்ஸ் அனுப்பினான். அங்கயும் புருசன் எண்டு இருக்கிறதுக்கு ஒரு படிவம் நிரப்பணுமாம், அதிலயும் வீடு எங்க எண்டு ஒரு கட்டமாம். ஸைத்தூனிட உம்மா நேரா வந்து, இது என்ட மகள்ட வீடெண்டு உறுதியை மேசையில போட்டாவாம். ஒரு கேள்வியும் கேக்கல்லையாம். இதை உம்மு ராத்தாக்குப் போட்டுக் காட்டினன். ரெண்டு தரம் கேட்டா.

"அங்கயும் மகள்ட வீடுதான்."

"ஓம் ராத்தா."

"அப்ப என்ட புள்ளைக்கு எங்கயும் இல்ல."

நான் போனை மூடி வச்சன். அவவும் எழும்பிப் போயிட்டா.

மூணு நாள் கழிச்சி, ஒரு பழைய சொப்பிங் பேக்கைச் சுருட்டிக் கக்கத்தில வச்சிக்கொண்டு திரும்ப வந்தா. உள்ளுக்கிருந்து ஓரம் அரிச்ச ஒரு உறுதியை எடுத்து மேசையில போட்டா.

"இதென்ன ராத்தா?"

"இடியப்பக் குசினி நிக்கிற துண்டு. புள்ளைகளுக்கு எழுதின நேரம் பிரிஞ்சி மிஞ்சினது."

"ஆருட பேருல?"

"என்ட பேருலதான். மீட்டரும் தனி. அடுப்படிக்கு லைட் போட எடுத்தது, பில் என்ட பேருக்குத்தான் வரும்."

உறுதியை மேலயிருந்து கீழ வரைக்கும் வாசிச்சன். சுத்தமான உறுதி. தனி எல்லை, தனி மீட்டர், ரோட்டுக்கு வழி. ரெண்டு மாசம் நான் தலையை உடைச்ச பதினாலாம் கட்டத்துக்கு உள்ள அத்தாட்சி முழுக்க என்ட மேசையில கிடந்தது. இதைத் தாய் மகனுக்கு எழுதிக் குடுத்திருந்தா அந்தப் புள்ளைகள் இண்டைக்கு இஞ்ச இருக்கும். 

"ராத்தா, நான் எத்தினை தரம் கேட்டன்? ஒங்கட பேருல, மச்சான்ட பேருல ஏதாவது கிடக்கா, நல்லா யோசிச்சிப் பாருங்கெண்டு கேட்டனா இல்லையா? ஏன் இதைச் சொல்லல்ல?"

"நீ கேட்டது வீடு. இது குசினிதானே புள்ள."

அதுக்கு மேல நான் என்னத்தைக் கத்த? பச்சைத் தண்ணி ஒரு கிளாஸ் குடிச்சன். உம்மு ராத்தா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டா.

"பர்ஹான்ட பேருக்கு மாத்த என்னென்ன கடதாசி வேணும், எழுது. ஒரு அறை இறக்கிறன். ஒரு கக்கூசு கட்டுறன். அவன்ட பெட்டி ஏற்கனவே உள்ளுக்குத்தான் கிடக்கு. அதுகள் திரும்பி வந்து, ஆரும் பச்சை பைலோட வந்து கேட்டா, இந்த முறை நான் சரியாச் செல்லுவன்."

"என்ன சொல்லுவீங்க?"

"இது மகள்…" எண்டு தொடங்கி நிப்பாட்டினா. அறுபது வருசமா வேற மாதிரிச் சொல்லி வாய் பழகிட்டுது. உதட்டைத் துடைச்சிட்டுத் திரும்பச் சொன்னா. "இது மகன்ட வீடு."

நான் குழவியைத் தூக்கி ஓரமா வச்சிட்டு, புதுப் படிவம் ஒண்டை எடுத்து, பதினாலாம் கட்டத்தை முதல்ல நிரப்பினன்.